காசிமின் அலமாரியும் மூன்றாவது கையெழுத்தும்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து மழை. லிஃப்ட் மீண்டும் பழுது. ஒன்பது மாடி இறங்கி, ரொட்டி வாங்கி, ஒன்பது மாடி ஏறினேன். ரொட்டி நசுங்கவில்லை.

நேற்று கல்லறைத் திருநாள். அப்பா அம்மா கல்லறையில் ரெஜினா மெழுகுவத்தி ஏற்ற, மழை அணைக்க, ஏற்ற, அணைக்க. ஐந்தாவது தடவை, "நம்ம வந்தது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், வாங்க போவோம்" என்றாள். முப்பத்தாறு வருட மனைவி. அவள் சொன்னால் கிளம்ப வேண்டியதுதான். அங்கிருந்து நேராக வாசகர் வட்டக் கூட்டம். ஈரக் காற்சட்டை.

தீர்மானம்: வட்டத்தின் நூலகத்தில் ஜன்னலோர அலமாரியில் உள்ள சித்திரக்கதைகள் 'வாசிப்புத் தரத்துக்கு ஒவ்வாதவை'. ஆகவே நீக்கம். அடுத்த ஞாயிறு தாசேக் கெலுகோரிலிருந்து பழைய பேப்பர் லாரி. காலியாகும் அலமாரியில் தலைவரின் சொற்பொழிவுகள். ஐந்து பாகம், கெட்டி அட்டை. தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஓய்வு பெற்ற செய்தி இன்னும் அவருக்குப் போய்ச் சேரவில்லை.

நீக்க வேண்டுமானால் நூல் தேர்வுக் குழுவின் மூன்று கையெழுத்து தேவை. தலைவர் ஒன்று. நிபோங் திபால் ஊர் டாக்டர் ஒன்று (மருந்துச்சீட்டு வேகத்தில் போட்டார்). மூன்றாவது நான்.

"ஐயா, நீங்க இதுல ஏதாவது படிச்சீங்களா?"

"பிரான்சிசு அவர்களே, சாக்கடையைக் குடித்துப் பார்த்தா சாக்கடை என்று சொல்ல வேண்டும்?"

கைதட்டல். டாக்டர் மட்டும்.

முப்பத்தோரு வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளன் நான். சாட்சி சொல்லாததை ஒருநாளும் சொன்னதில்லை. பார்க்காததைப் பார்த்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டவர்களைக் கூண்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த வயதில் அந்தப் பக்கம் போய் நிற்க விருப்பமில்லை. ஒரு வாரம் தவணை கேட்டேன். கொடுத்தார்கள். கூடவே நீக்கத்துக்கான காரண அறிக்கையையும் என்னையே எழுதச் சொன்னார்கள். "உங்கள் தமிழ்தான் எடுபடும்."

செயலாளர் பரிமளம் ஆறு புத்தகங்களை எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்தார். அறுபத்து மூன்று வயதுவரை நான் ஒரு சித்திரக்கதையும் படித்ததில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. கள்ளச்சாராயம் கொண்டுபோகிறவனைப் போலப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

இதில் ஒரு சங்கடம். அந்த அலமாரி முழுவதும் காசிம் கொடுத்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நான் பகல் சாப்பிடும் நாசி கண்டார் சோற்றுக் கடையின் கல்லாவில் இருப்பவர். இரண்டு வருடத்துக்கு முன்பு வீட்டுக் கூரை ஒழுகியபோது, முப்பது வருடம் சேர்த்ததை எல்லாம் வட்டத்துக்குக் கொடுத்துவிட்டார். அன்று தலைவர் அவருக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார். படத்தில் புத்தகங்கள் தெரியவில்லை. தலைவர் தெரிந்தார்.

நவம்பர் 4, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது. லிஃப்ட் காயவில்லை.

முதல் புத்தகம். தமிழ்நாட்டில் அச்சானது. குதிரை, தொப்பி, துப்பாக்கி. நான்கே நிமிடத்தில் முடித்துவிட்டேன். மொத்த வசனத்தில் பாதி 'டுமீல்'. அறிக்கையின் முதல் வரி தயார்: 'சுருக்கம் ஒன்றே இவ்வகை நூல்களின் சிறப்பு.'

ரெஜினா தையல் மெஷினிலிருந்து:

"அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?"

"முடிச்சாச்சு."

"கொல செஞ்சது யாரு?"

"யாரோ ஒருத்தன். பேரு போடல."

"பேரு எதுக்குங்க? மொகத்தப் பாத்தீங்களா இல்லையா?"

பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், படங்களைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. எழுத்தைப் பொறுக்கித் தின்றுவிட்டு, பிரியாணியில் கிராம்பை ஒதுக்குவதுபோல் படங்களை ஒதுக்கிவிட்டேன். தொழில் பழக்கம். சாட்சி சொன்னால் மொழிபெயர்க்க வேண்டும். அழுதால் மொழிபெயர்க்கக் கூடாது. முப்பத்தோரு வருடம் முகம் பார்க்காமல் இருக்கப் பயிற்சி எடுத்தவன் கையில், முகங்களாலேயே எழுதிய புத்தகம்.

மறுபடி முதலிலிருந்து. இம்முறை ஒன்றரை மணி நேரம். கொலைகாரன் பதினான்காம் பக்கத்திலேயே நிற்கிறான், முதுகைக் காட்டிக்கொண்டு. பூட்ஸ் அடியில் ஒரு கிழிசல். முப்பதாம் பக்கத்துச் சேற்றில் அதே கிழிசலின் தடம். யாரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கதாசிரியர் சொல்லவில்லை, கதாநாயகன் அதைப் பார்த்துப் புருவத்தை ஒரு மயிரிழை தூக்குகிறான், அவ்வளவுதான். நமது நாவல்களில் இதற்கு இரண்டு அத்தியாயமும் ஒரு கனவும் தேவைப்பட்டிருக்கும்.

அறிக்கையின் முதல் வரியை அடித்தேன்.

இதெல்லாம் ரெஜினாவுக்கு எப்படித் தெரியும்? கான்வென்டில் மறைகல்விப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்தாளாம். பறிமுதல் செய்த சிஸ்டர் ஒரு வாரம் கழித்துத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த பாகம் இருக்கிறதா என்று கேட்டாராம்.

"இத்தன வருஷம் சொல்லவேயில்லையே?"

"நீங்க பெரிய பெரிய புக்கெல்லாம் படிக்கிறவரு. ஒங்களுக்குப் புரியாதுன்னு விட்டுட்டேன்."

நவம்பர் 5, புதன்

வெயில், பிறகு மேகம். மின்கட்டணம் கட்டியாயிற்று. கண்ணாடிக் கடை: புது லென்ஸ் அடுத்த வாரம்.

பகல், காசிம் கடை. வரிசை வாசலைத் தாண்டி நின்றது. முன்னால் நின்ற சுற்றுலாப் பயணி வெண்டைக்காயைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். என் பையைக் காசிம் பார்த்துவிட்டார்.

"அண்ணே! நம்ம புக்கு!"

அட்டையைத் தடவினார். அவர் புத்தகங்களுக்கெல்லாம் பழைய காலண்டர் தாளில் உறை. உள்பக்கம் பசை போட்டு ஒட்டியது. முதுகில் ஓர் எண் மட்டும். முன்னட்டை எது, பின்னட்டை எது என்று தெரியாது. பத்தொன்பதாம் எண்ணுக்கு முன்னால் ஒரு பிப்ரவரி, பின்னால் ஒரு மார்ச்.

"யாராச்சும் எடுத்துப் படிக்கிறாங்களா அண்ணே?"

"படிக்கிறாங்க, தம்பி."

பொய்யா மெய்யா என்று தெரியாமல் சொன்னது. மாலையில் பரிமளத்துக்கு ஃபோன் செய்து இரவல் பதிவேட்டைப் பார்க்கச் சொன்னேன். மெய். இவ்வருடம் வெளியே போனவற்றில் பெரும்பாலானவை அந்த அலமாரியிலிருந்து. தலைவரின் சொற்பொழிவு, முதல் பாகம்: தலைவர் ஒரு தடவை. என் கட்டுரைத் தொகுப்பு: ஒரு தடவை, ரெஜினா. விசாரித்தேன். தையல் மெஷின் ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருந்ததாம். "வீட்டுல இருக்கறதத் தொட விடமாட்டீங்களே."

காசிம் சொன்னதை இங்கே எழுதிவைக்க வேண்டும், மறந்துவிடுவேன்.

"நான் மலாய் ஸ்கூல்லதான் படிச்சேன் அண்ணே. வீட்டுல தமிழ் பேசுவோம், எழுத்து தெரியாது. இந்த காமிக்லதான் படிச்சேன். வாத்தியாரெல்லாம் கெடையாது. பாலம் வெடிக்கப் போவுது, குதிரக்காரன் வாயத் தொறக்கிறான். என்னா சொல்லுவான்? 'ஓடு'ன்னுதான சொல்லுவான்? அப்ப மொத எழுத்து 'ஓ', அடுத்தது 'டு'. இப்படியே ஒரு வருஷம்."

"எல்லா எழுத்துமா?"

"'ங'தான் ரொம்ப நாள் கெடைக்கல அண்ணே. அப்புறம் ஒருத்தன் 'எங்கே'ன்னு கேட்டான்."

தட்டைப் பார்த்து விலை சொல்லி, மிச்சம் கொடுத்து, எனக்குக் கதை சொல்லி, மூன்றையும் ஒரே நேரத்தில். பிறகு, "லீடரு படிச்சாரா அண்ணே? பொன்னாட போட்டாரே, என்னா சொன்னாரு?"

"பரிசீலனையில இருக்கு."

கோழை. சாப்பாடு இறங்கவில்லை என்று எழுத ஆசை. இறங்கியது. இரண்டாவது தடவையும் குழம்பு கேட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

நாள் முழுவதும் மழை. அடுத்த வீட்டுத் தீபாவளி முறுக்கு நமத்துவிட்டது, இருந்தாலும் தீர்ந்தது.

பத்தொன்பதாம் எண். ஜப்பானியக் கதை, மலாய் மொழிபெயர்ப்பில். மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

கல்லறையில் ஆரம்பிக்கிறது. கிழவர், குடை, மழை. ஞாயிற்றுக்கிழமை நான் நின்ற அதே மழை. அடுத்து ஆஸ்பத்திரி, கட்டிலில் மனைவி. பிறகு அவள் எழுந்து உட்காருகிறாள். நடக்கிறாள். வீட்டுக்கு வருகிறாள். பக்கம் திருப்பத் திருப்பத் தலைமுடி கறுக்கிறது. பிள்ளைகள் சிறிதாகி, தொட்டிலுக்குப் போய், காணாமல் போகிறார்கள். சண்டைகளில் சமாதானம் முதலில், கோபம் பிறகு. பதில்கள் முன்னால் வருகின்றன, கேள்விகள் பின்னால். அவள் 'சரி' என்கிறாள். இரண்டு கட்டம் தள்ளித்தான் அவன் கேட்கிறான். குறுக்கு விசாரணையில் நல்ல வக்கீல்கள் இப்படிச் செய்வார்கள், பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வியைத் தேடுவார்கள். கடைசிப் பக்கம்: படகுத்துறை, மழை. ஒருவரையொருவர் இன்னும் அறியாத ஓர் ஆணும் பெண்ணும். ஒரே ஒரு குடை. முற்றும்.

இழந்த ஒருத்தியை, ஒரு விளக்கமும் சொல்லாமல், பக்கம் பக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டான் அந்த ஜப்பான்காரன்.

ரெஜினா கடந்து போனாள். என் கண்ணைப் பார்த்தாள். "வெங்காயம் நான் இன்னும் வெட்டலியே?"

மாலைக்குள் அறிக்கை முடிந்தது, இரண்டு பக்கம். ஒரு வரி: 'காலத்தைப் பின்னோக்கி நடத்தும் இத்துணிவு, நமது நவீன இலக்கியம் இன்னும் எட்டாத உயரம்.' முடிவு: 'ஆகவே நீக்கத்துக்கு நான் உடன்படவில்லை.' வட்டத்தின் வாட்ஸாப் குழுவில் எல்லோருக்கும் அனுப்பினேன். பதினொரு பேர் கட்டைவிரல்.

நவம்பர் 7, வெள்ளி

தெளிவான வானம். எனக்கு மட்டும்தான் இல்லை.

தொழுகை முடிந்த கூட்டம் கலைந்தபின் காசிம் கடைக்குப் போனேன். அறிக்கையை அச்சிட்டு எடுத்துப் போயிருந்தேன், பெருமைதான். விரல் வைத்து மெதுவாகப் படித்தார். இரண்டாம் பக்கம் முழுவதும் அவர் முகம் அசையவில்லை. இப்போதெல்லாம் முகங்களைப் பார்க்கிறேன்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க தம்பி."

"இந்தப் புக்க எந்தப் பக்கத்துலேர்ந்து தொறந்தீங்க?"

காட்டினேன். எனக்குப் பின்னால் மூன்று தட்டு காத்திருந்தது. அவர் குரலைத் தணித்தார்.

"ஜப்பான்காரன் புக்கு வலது பக்கத்துலேர்ந்து படிக்கணும் லா அண்ணே. கட்டமும் அப்படித்தான். நாங்க குரான் ஓதுறோமே, அதே மாதிரி. எங்க வீட்டுல ஏழு வயசுப் பிள்ளைக்கே தெரியும்."

முழுப் புத்தகத்தையும் கடைசியிலிருந்து படித்திருக்கிறேன். வலமிருந்து இடமாக ஓதத் தொடங்கும் பிள்ளைகள் நிறைந்த தெருவில் பத்து வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டு.

அவர் நான் திறந்த பக்கத்துக் காலண்டர் தாளை நகத்தால் உரித்தார். பசைக்கு அடியில் அச்சிட்ட ஒரு கை, போலீஸ்காரர் கைபோல். பெரிய எழுத்தில் மலாயில்: நில். நீங்கள் தவறான பக்கத்திலிருந்து தொடங்குகிறீர்கள்.

"நான்தான் அண்ணே உற போடறப்ப மூடிட்டேன். என் தப்பு. லீடர்கிட்ட நானே சொல்றேன். ஒங்களுக்கு எதுக்கு அவமானம்?"

அப்போதுதான் சொன்னேன். லாரி. ஞாயிறு. அறிக்கையின் கடைசி வரியில் வரும் 'நீக்கம்' எது என்பது. அவர் திரும்பிக் காத்திருந்த தட்டைப் பார்த்து, கோழியே இல்லாத தட்டுக்குக் கோழி விலை சொன்னார். வாடிக்கையாளர் சத்தம் போட்டபின் திருத்தினார்.

"அவங்க எடம், அவங்க அலமாரி. குடுத்தது குடுத்ததுதான் அண்ணே." இன்னொரு தட்டுக்கு விலை சொல்லிவிட்டு: "குதிரக்காரன் புக்கு மட்டும் ஒண்ணு எடுத்துக் குடுப்பாங்களா, கேட்டுப் பாருங்க. மொத நம்பரு."

தேநீருக்குக் காசு வாங்கவில்லை. அதுதான் மிகவும் சுட்டது.

நவம்பர் 8, சனி

மப்பு. முழங்கால் வலி.

சாட்சியத்தில் பிழை இருந்தால் திருத்துவது மொழிபெயர்ப்பாளன் கடமை. காலையிலேயே வாட்ஸாப் குழுவில் போட்டேன்: 'வியாழன் அறிக்கையின் ஆசிரியர், குறிப்பிட்ட நூலைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார் எனத் தெரியவந்துள்ளது. அறிக்கையின் முடிவில் மாற்றமில்லை.'

சிரிப்பு முகங்கள், எண்ணவில்லை. டாக்டர் ஒரு நண்டு படம் அனுப்பினார். டாக்டருக்கும் படத்தின் அருமை தெரிந்திருக்கிறது.

பத்து மணிக்குத் தலைவர் ஃபோன்.

"பிரான்சிசு அவர்களே, இதைத்தான் நான் சொன்னேன். கற்றறிந்த உங்களையே தலைகீழாக்கிவிட்டது பாருங்கள்."

"ஐயா, நான் ஒரு புத்தகத்தப் பின்னாலேர்ந்து படிச்சேன். நீங்க ஒண்ணையும் முன்னாலேர்ந்துகூடப் படிக்கல."

மறுமுனையில் மேசையைத் தட்டும் சத்தம்.

"இந்தா பாருங்க, நாளைக்கு நீங்க சைன் போடல, கூட்டத்துல ஒங்களத் தூக்கிட்டு வேற ஆளப் போட்டு சைன் வாங்கிருவேன் லா! லாரிக்குச் சொல்லியாச்சு!"

தூய தமிழ் கோபத்தில் கழன்று விழுந்தது. பன்னிரண்டு வருடத்தில் அவர் பேசிக் கேட்டதிலேயே அதுதான் உயிருள்ள வாக்கியம். ஐந்து பாகத்திலும் இருக்காது.

ஆக, கையெழுத்து மறுப்பதால் மட்டும் பயனில்லை. பகல் முழுவதும் வட்டத்தின் விதிமுறைகளைப் படித்தேன். முன்பக்கத்திலிருந்து. எழுதியவர்: தலைவர்.

விதி 14: இரவலில் உள்ள நூல் திரும்பி வரும்வரை நீக்கப்படலாகாது.
விதி 15: உறுப்பினர் ஒருவருக்கு இரண்டு நூல். செயற்குழுவினருக்கு வரம்பில்லை. (தமக்காகப் போட்டுக்கொண்டது. தேர்வுக் குழுவில் இருப்பதால் நானும் செயற்குழுதான்.)
விதி 16: வேறு எவரும் எழுத்து மூலம் கேட்காதவரை இரவலைப் புதுப்பிக்கலாம்.

நான்கு தடவை படித்தேன். ரெஜினாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "கார்ல பின் சீட்ட மடக்கணும்" என்றாள்.

பரிமளத்துக்கு ஃபோன். நாளை கூட்டம் பத்தரைக்கு. நூலகத்தை எட்டுக்கே திறக்க முடியுமா? காரணம் கேட்கவில்லை. "ரெண்டு பேனா கொண்டாறேன் சார், ஒண்ணு தீந்துரும்."

நவம்பர் 9, ஞாயிறு

ஆறரைத் திருப்பலி. பிரசங்கம் காதில் ஏறவில்லை, ஆண்டவர் புரிந்துகொள்வார்.

எட்டு மணி. காசிம் கடைத் தள்ளுவண்டியோடு வந்திருந்தார், ஏப்ரன்கூடக் கழற்றவில்லை. அலமாரியைத் திறந்தோம். உறையில் தலைப்பு இல்லை, எண் மட்டும். அவர் முதுகு எண்ணைப் பார்த்துத் தலைப்பைச் சொன்னார், ஒன்றையும் திறக்காமல். தமிழ், மலாய், தமிழ், மலாய். நான் பதிவேட்டில் எழுதினேன். எண், தலைப்பு, தேதி, இரவல் பெற்றவர், கையெழுத்து. அவர் சொல்லச் சொல்ல நான் எழுத, பழைய வேலைதான். ஆனால் இந்தச் சாட்சி ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

இடையிடையே அவர் வழக்கை விட்டு விலகினார்.

"நூத்திப் பன்னெண்டு. இது சோகம் அண்ணே, ரெஜினாக்காவுக்குக் குடுங்க."

"எனக்கு எதுக்கு சோகம்? ஒங்க அண்ணன் போதாதா?" பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரெஜினா படியிறங்கினாள்.

முதல் பேனா இருநூற்றில் தீர்ந்தது. பரிமளம் இரண்டாவதை மூடி கழற்றி நீட்டினார். பத்தேகாலுக்குக் கடைசி வரி. விரல்கள் மடங்கவில்லை.

தலைவர் வந்தபோது அலமாரி காலி. கூடவே லாரிக்காரர், கயிற்றோடு. தலைவர் முதலில் மகிழ்ந்தார். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

"எங்கே?"

"இரவல்ல இருக்கு ஐயா."

"யாருக்கு?"

"எனக்கு."

பதிவேட்டைத் திருப்பினார். பக்கம் பக்கமாக என் கையெழுத்து. ஒன்பதாவது பக்கத்தில் நிறுத்தினார்.

"இது செல்லாது."

"விதி பதினாலு, பதினஞ்சு. நீங்க எழுதினது. நல்ல தமிழ்."

"இப்பவே ஒங்களக் குழுவிலேர்ந்து நீக்குறேன்!"

"நீக்குங்க. நேரம் பத்து முப்பத்தஞ்சு. கடைசி இரவல் பத்தேகால். பரிமளம், ரெண்டையும் குறிப்புல போட்டுருங்க."

"போட்டாச்சு சார்."

டாக்டர் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார். லாரிக்காரர், "அப்ப நான் என்னாத்த ஏத்துறது?" என்று கேட்டார். அவர் வாசலில் மீந்திருந்த கடைசிப் பெட்டியின்மேல் உட்கார்ந்து மேலே கிடந்ததை எடுத்துப் புரட்டினார். ரெஜினா பெட்டியைக் கேட்டபோது கையை மட்டும் உயர்த்தினார். "ஒரு நிமிஷம் இருங்கக்கா, இவன சுடப் போறான்."

நீக்கப்பட்டேன். ஒருமனதாக, பரிமளம் நீங்கலாக. மூன்றாவது கையெழுத்துக்கு இனி ஆள் கிடைப்பார். புத்தகம் கிடைக்காது.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஒன்பது மாடி. அதைப்பற்றி எழுத விருப்பமில்லை.

காசிம் கிளம்பும்போது முதல் எண்ணை எடுத்து நீட்டினேன். குதிரைக்காரன். வாங்கவில்லை.

"ஒங்க பேருல இருக்கு அண்ணே. மொதல்ல எழுதிக் கேக்கணும்ல?" சாப்பாட்டுச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினார்: 'எண் 1 வேண்டும். காசிம்.' 'ண்' இரண்டு தடவை அழுத்தி எழுதியது. கோப்பில் சேர்த்தேன்.

நவம்பர் 10, திங்கள்

தூறல். லிஃப்ட் சரியாகிவிட்டது. இன்று.

சாப்பாட்டு மேசைக்கு அடியில் பெட்டிகள். கட்டிலுக்கு அடியிலும். என் நூலடுக்கில் மேல் இரண்டு தட்டு காலி செய்தேன். இடம் பெயர்ந்த பேரறிஞர்கள் பால்கனியில், பிளாஸ்டிக் மூடி. முழங்காலுக்குத் தைலம்.

வாட்ஸாப் குழுவில் தலைவரின் ஒரு நீண்ட செய்தி. படம் இல்லை, படிக்கவில்லை.

பகலுக்குமேல் பத்தொன்பதாம் எண், இம்முறை வலது பக்கத்திலிருந்து. படகுத்துறை. மழை. ஒரே குடை. அவன் கேட்கிறான், பிறகு அவள் பதில் சொல்கிறாள். எல்லாம் ஒழுங்காக வருகிறது. தொட்டில், பிள்ளைகள், சண்டை, பிறகு சமாதானம். ஒப்புக்கொள்கிறேன், கட்டங்கள் இப்படித்தான் பொருந்துகின்றன. பாதிக்குமேல் ஒரு பக்கத்தில் அவள் மாடிப்படியில் நின்று மூச்சு வாங்குகிறாள். வசனம் கிடையாது. கை மட்டும் கைப்பிடிச் சுவரில்.

நிமிர்ந்து பார்த்தேன். ரெஜினா மெஷினில் பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். நேற்று ஏழாவது மாடியில் இதேபோல் நின்றாள்.

"முடிஞ்சிச்சா?"

"இல்ல."

மூடினேன். சரியான திசையில் போனால் இன்னும் முப்பது பக்கத்தில் ஆஸ்பத்திரி, பிறகு கல்லறை. ஓவியர் விரும்பிய வரிசை அதுவாக இருக்கலாம். காசிம் வீட்டு ஏழு வயதுப் பிள்ளைக்கும் அது தெரியும். இரவல் பதிவேட்டில் திசைக்கென்று ஒரு கட்டம் இல்லை.

புத்தகத்தைத் திருப்பி இடது பக்கத்தைத் திறந்தேன். உரித்த தாளுக்கு அடியில் அந்தக் கை. நில் என்றது.

நிற்கவில்லை.